கட்டியே தட்டுப்படாமல் மார்பகப் புற்றுநோய் வளர்வது எப்படி?

மார்பகப் புற்றுநோய் என்றதும் கை கட்டியைத்தான் தேடும். ஆனால் பல வேளை கட்டியாகத் திரளாமலே பரவும் ஒரு வகை உண்டு. அதன் பெயர் 'லோபுலர்'. மார்பில் ஊடுருவிப் பரவும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இந்த வகைதான்.

நுண்ணோக்கியில் பாருங்கள். சாயமேற்றிய சதைச் சீவலில் இளஞ்சிவப்பு நார்கள். அவற்றின் இடுக்கில் புற்று உயிரணுக்களின் ஊதா உட்கருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வரிசையில். சில அணுக்களுக்குள் சளி நிறைந்து உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும்.

ஏன் இந்த வரிசை?

ஒரு ரப்பர் தோட்டத்தில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கைகோத்து அகலமாக வந்தால் மரங்களுக்கு இடையே நுழைய முடியாது. கையை விட்டால்? ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் போய்விடலாம்.

மார்பக அணுக்களுக்கும் அப்படி ஒரு கைப்பிடி உண்டு: 'ஈ-கேதரின்' என்ற புரதம். அதைச் செய்யும் மரபணு பழுதானால் பிடி விட்டுப்போகும். விடுபட்ட அணுக்கள் நார்களை இடித்துத் தள்ளாமல் இடுக்கில் நழுவுகின்றன. அதனால்தான் பல வேளை கைக்கு உருண்டையாகத் தட்டுப்படுவதில்லை. மேமோகிராமிலும் சில வேளை தப்பிவிடுகிறது. என்னைக் கவலைப்படுத்துவது இதுதான்.

சந்தேகம் வந்தால் நோயியல் நிபுணர் அந்தப் புரதத்துக்கென்றே ஒரு சாயம் போடுவார். நல்ல அணுவைச் சுற்றிப் பழுப்புக் கோடு தெரியும். லோபுலரில் பெரும்பாலும் அந்தக் கோடே இருக்காது.

மார்பில் ஓரிடம் தடித்தாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, கட்டி இல்லையென்றாலும் கிளினிக்கில் காட்டுங்கள்.