கையைத் தூக்காதீர்கள், முதுகைத் திருப்புங்கள்

கோல்ஃப் டிரைவிங் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவரா என்று தெரிந்துகொள்ள, அவர் பந்தை அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும்போதே தெரிந்துவிடும். மட்டையை ஓங்குவதுபோல இரண்டு கைகளாலும் மேலே தூக்குவார். தோள்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு மாதம் என் பந்துகள் எல்லாம் வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போய் விழுந்தன. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த, ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் வயதான கேடி ஒருவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "கையைத் தூக்காதீங்க சார். உங்க முதுகை அந்த வேப்பமரத்துக்குக் காட்டுங்க. கை தானா மேல போகும்." வேப்பமரம் நின்றது பந்து போகவேண்டிய திசையில்.

கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும் இந்த பேக்ஸ்விங் பற்றி அதன் பிறகு எவ்வளவோ படித்தேன். அந்த ஒரு வரியைவிடப் பயன்பட்டது எதுவும் இல்லை. அது ஏன் சரி என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். (வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

கிரிக்கெட்டில் பந்து நம்மைத் தேடி வருகிறது. அது எங்கே குத்தும், எப்படித் திரும்பும் என்று பார்த்து, கடைசி நொடியில் மட்டையை மாற்ற வேண்டும். அதனால் கைகள்தான் எஜமானர்கள். கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. உச்சியிலிருந்து கிளப் இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் நொடிதான் ஆகிறது. அந்தக் கால் நொடிக்குள் எதையும் யோசித்துத் திருத்த முடியாது. கிளப் உச்சியில் எந்த நிலையில் இருந்ததோ, இறங்கும்போது பெரும்பாலும் அதன் விளைவைத்தான் பார்க்கிறோம். பந்தைத் தொடவே தொடாத பேக்ஸ்விங்குக்கு இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

கையால் தூக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். தோள் திரும்பவில்லை; அதனால் உடம்பில் முறுக்கு ஏறவில்லை. உச்சிக்குப் போனபின் வேகம் வேண்டுமே என்று வலது தோளை முன்னே தள்ளுகிறோம். கிளப் வெளிப்பக்கமாகப் போய், பந்தை வெளியிலிருந்து உள்நோக்கி அறுக்கிறது. அந்தப் பாதையோடு ஒப்பிட்டால் கிளப்பின் முகம் வலப்பக்கம் திறந்திருக்கும். பந்து சுழன்று வலப்பக்கம் வளையும். அதுதான் ஸ்லைஸ். புதியவர்கள் ஸ்லைஸைத் திருத்த கிரிப்பை மாற்றுவார்கள், நிற்கும் திசையை மாற்றுவார்கள், சிலர் கிளப்பையே மாற்றுவார்கள். வேர் பெரும்பாலும் பேக்ஸ்விங்கின் முதல் இரண்டு அடியில் இருக்கிறது.

அந்த முதல் இரண்டு அடியில் சற்று நின்று பார்க்க வேண்டும். பந்தின் முன் நிற்கும்போது இரண்டு கைகளும் தோள்களும் சேர்ந்து ஒரு முக்கோணமாக இருக்கின்றன. அந்த முக்கோணம் கலையாமல், இடது தோள் தள்ள, கைகளும் கிளப்பும் ஒன்றாகப் பின்னால் போக வேண்டும். மணிக்கட்டு இன்னும் மடங்கக் கூடாது. இங்கே தவறு இரண்டு வகை. ஒன்று, மணிக்கட்டை மடக்கிக் கிளப்பைக் கொத்தாக மேலே எடுப்பது. மற்றொன்று, கிளப்பைச் சட்டென்று நம் உடம்புப் பக்கம் இழுப்பது. எதைச் செய்கிறோம் என்று நமக்கே தெரியாது. டிரைவர் என்ற கிளப்பின் உறையை எடுத்து, பந்துக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி, பந்து போகும் கோட்டிலேயே வையுங்கள். இப்போது கிளப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். கிளப் உறையை நேராகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனால் சரி. உறைக்கு மேலே தாண்டிப் போனால் தூக்குகிறீர்கள். உறையைத் தொடாமல் உள்பக்கமாக விலகிப் போனால் இழுக்கிறீர்கள். எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு பாரபட்சமில்லாமல் சொல்லமாட்டார்.

கிளப் இடுப்பு உயரத்துக்கு வந்ததும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். தண்டு தரைக்கு இணையாகவும், பந்து போகும் கோட்டுக்கு இணையாகவும் இருக்க வேண்டும். கிளப்பின் கீழ் விளிம்பு உங்கள் முதுகுத்தண்டின் சாய்வை ஒட்டி, லேசாகப் பந்தின் பக்கம் சாய்ந்திருந்தால் நல்லது. முகம் வானத்தைப் பார்த்தால் அதிகம் திறந்துவிட்டது. தரையைப் பார்த்தால் மூடிவிட்டது.

அதன்பின் திரும்புவது. சிலம்பம் கற்றுக்கொடுக்கும் இடத்தில் கம்பைக் கையில் கொடுக்கும் முன் காலடி சொல்லிக்கொடுப்பார்கள். கம்பு சுற்றுவது கையில் தெரிந்தாலும் அதன் பலம் காலிலும் இடுப்பிலும் இருக்கிறது என்பது ஆசானுக்குத் தெரியும். கோல்ஃபிலும் அதே கதைதான். தோள்கள் ஏறக்குறைய 90 டிகிரி, இடுப்பு 45 டிகிரி என்று புத்தகங்கள் சொல்லும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முறுக்கு. ஆனால் நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற ஐம்பது வயதுக்காரர் 90-ஐத் துரத்தினால் இடுப்பு வலிதான் மிச்சம். அவர் இடுப்பை இன்னும் கொஞ்சம் திரும்பவிடலாம், இடது குதிகால் தரையிலிருந்து எழும்பினாலும் பரவாயில்லை. 18 மேஜர் பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸின் இடது குதிகால் எழும்பித்தான் இருந்தது.

திரும்புவதற்கும் நகர்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பலர் திரும்புவதாக நினைத்து இடுப்பை வலப்பக்கம் நகர்த்துகிறார்கள். உடம்பின் பாரம் வலது பாதத்தின் உள்பக்கத்தில் தங்க வேண்டும். வெளி விளிம்புக்குப் போய்விட்டால் திரும்பி வர நேரமில்லை. வலது ஷூவின் வெளி ஓரத்துக்கு அடியில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேக்ஸ்விங் செய்தால், பாரம் வெளியே போகவே முடியாது. இன்னொன்று: தோள்கள் ராட்டினம்போலத் தரைக்கு இணையாகச் சுற்றக் கூடாது. நாம் குனிந்து நிற்பதால் இடது தோள் சற்றுக் கீழிறங்கி, மோவாய்க்கு அடியில் வரும்.

தலையை அசைக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிக்லஸ் சிறுவனாக இருந்தபோது, அவருடைய குரு ஜாக் க்ரௌட் தம் உதவியாளரை விட்டுப் பையனின் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளச் செய்து அடிக்கச் சொன்னாராம். தலை நகர்ந்தால் வலிக்கும். அந்தப் பாடம் அவருக்குப் பலித்தது. ஆனால் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற புதியவருக்குத் தோளே திரும்பாது. லேசாக வலப்பக்கம் திரும்பட்டும். இடம்விட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

கிளப் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அதிகம் கேட்கப்படும் கேள்வி, என் பார்வையில் குறைவாக முக்கியமான கேள்வி. ஜான் டேலி 1991-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றபோது கிளப் உச்சியில் தரைக்கு இணையான நிலையைத் தாண்டி வெகுதூரம் கீழே தொங்கியது. ஜான் ராமின் பேக்ஸ்விங் மிகக் குட்டை. பிறவியிலேயே வலது பாதம் வளைந்திருந்ததால் அந்தக் கணுக்காலுக்கு முழு அசைவு கிடையாது. தன் உடம்புக்கு ஏற்ற அளவில் நிறுத்தியவர் 2021-இல் யூஎஸ் ஓப்பனையும் 2023-இல் மாஸ்டர்ஸையும் வென்றார். பென் ஹோகன் 1957-இல் வந்த தம் நூலில், பந்திலிருந்து தோள்வரை சாய்ந்த ஒரு கண்ணாடிப் பலகையைக் கற்பனை செய்து, கைகள் அதை உடைக்காமல் மேலே போகட்டும் என்றார். ஜிம் ஃப்யூரிக் அப்படியான எந்தக் கோட்டுக்கும் கட்டுப்படாமல் கிளப்பை நேராக மேலே கொண்டுபோய், வளையம் போட்டு இறக்குவார். 2016-இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். உருவம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இவர்களில் யாரும் தோளைத் திருப்பாமல் கையால் மட்டும் தூக்கியதில்லை.

கடைசியாக லயம். ஜான் நோவோசெல் என்பவர் தொழில்முறை ஆட்டக்காரர்களின் வீடியோக்களை ஒவ்வொரு ஃபிரேமாக எண்ணிப் பார்த்து, 2004-இல் ஒரு புத்தகம் எழுதினார். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவில் பேக்ஸ்விங் 27 என்றால் இறங்குவது 9. 24 என்றால் 8. 21 என்றால் 7. வேகம் ஆளுக்கு ஆள் மாறினாலும் விகிதம் மூன்றுக்கு ஒன்று. இதை நாம் கையில் வாட்ச் இல்லாமலே பிடிக்கலாம். "தகதிமி" என்று சொல்லுங்கள். 'த'-வில் கிளப் நகரத் தொடங்கட்டும், 'மி'-யில் உச்சி, அடுத்த 'த'-வில் பந்து. மேலே போக மூன்று இடைவெளி, இறங்க ஒன்று. "மெதுவாகப் பின்னால் கொண்டுபோ" என்ற அறிவுரையைப் பலர் அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்கிறார்கள். பேக்ஸ்விங் அநியாயத்துக்கு மெதுவாகிப்போனால் உச்சியில் பொறுமையிழந்து வெடுக்கென்று இழுக்கத்தான் தோன்றும்.

பயிற்சிக்கு 7 அயர்ன் என்ற கிளப் போதும். வீட்டிலேயே, பந்து இல்லாமல், கண்ணாடி முன்னால், இடுப்பு உயரம் வரை மட்டும் தினமும் இருபது முறை கொண்டுபோய் நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து முழுதாகத் திரும்புங்கள். ரேஞ்சுக்குப் போகும்போது, பந்து போகவேண்டிய திசையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பந்துகள் எங்கே போகின்றன என்று பார்க்காதீர்கள். முதுகு அந்த மரத்தைப் பார்த்ததா என்று மட்டும், பக்கத்தில் நிற்கிறவரிடம் கேளுங்கள்.