காட்டோரம் கூடாரம் அடிக்கப் போகிறீர்களா?

பாடசாலை விடுமுறை வந்தால் வீட்டில் ஒரே பேச்சுத்தான்: "எங்கே போவது?" இப்போது பல குடும்பங்கள் யால, வில்பத்து, உடவளவை, குமண என்று வனப்பக்கம் போய்க் கூடாரத்தில் இராத்தங்கி வருகின்றன. வேன் பேசுவதை ஆண்கள் கவனித்துக்கொள்வார்கள். சாப்பாட்டுச் சாமான்களைக் கட்டுவதும், பிள்ளைகளைத் தூங்க வைப்பதும் பெரும்பாலும் நீங்கள்தானே! காட்டில் ஆபத்தை வரவழைப்பதும் தடுப்பதும் இந்தக் காரியங்கள்தாம்.

முதலில் இடம். தேசிய வனங்களுக்குள் வனசீவராசிகள் திணைக்களம் அனுமதித்த இடங்களில் மட்டுமே தங்கலாம். வெளியே தங்குவதானால் ஊராரிடம் விசாரியுங்கள். யானை இலத்தியோ கால் தடமோ தெரிந்தால் அது யானை நடக்கும் பாதை. அங்கே கூடாரம் வேண்டாம்.

யானை

2019ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் காட்டு யானைகளால் 121 பேர் உயிரிழந்தார்கள். 400க்கும் மேற்பட்ட யானைகளும் அவ்வாண்டில் இறந்தன. யானைக்கு மோப்பசக்தி அதிகம். அரிசி, உப்பு, வாழைப்பழம் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். தள்ளி நிறுத்திய வாகனத்துக்குள், இறுக மூடிய பாத்திரங்களில் வையுங்கள். மிச்சச் சோற்றைப் பக்கத்தில் கொட்டாதீர்கள். யானைக்குத் தீனி கொடுக்கவும் வேண்டாம். அப்படிக் கொடுத்துப் பழக்கியதால்தான் புத்தல - கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனங்களை மறிக்கின்றன.

யானையைக் கண்டால் கூச்சலிடாதீர்கள். டோர்ச் வெளிச்சத்தை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். துரத்தினால் பையையோ துணியையோ வீசிவிட்டுப் பெரிய மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் ஒதுங்குங்கள். யானை வெடி பழக்கமில்லாதவர்கள் கையில் எடுக்கக் கூடாது.

நீர்க்கரை

சுபஹுக்கும் மஃரிபுக்கும் வுழூ எடுக்கக் குளக்கரைக்குப் போவீர்கள். மிருகங்கள் தண்ணீருக்கு வருவதும் அதே வேளைகளில்தான். 2017 செப்டம்பரில் அறுகம்பைக்கு அண்மையில் களப்பொன்றின் ஓரத்துக்குப் போன பிரித்தானிய இளைஞர் ஒருவரை முதலை இழுத்துச் சென்றது, அவர் உயிரிழந்தார். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே வாளிகளில் தண்ணீர் நிரப்பிக் கூடாரத்தடியில் வைத்துவிடுங்கள். பாத்திரம் கழுவவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் அதுவே போதும். இரவில் மலசலம் கழிக்கப் போவதானாலும் துணையுடன், டோர்ச்சுடன் போங்கள்.

கரடியும் சிறுத்தையும்

பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் பாலைமரங்களை நாடி வரும். திடீரென்று எதிர்ப்பட்டால்தான் கரடி பாயும். ஆகவே பேசிக்கொண்டே நடவுங்கள். மரத்தில் ஏறித் தப்ப முடியாது, கரடியும் ஏறும். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, பிடரியையும் முகத்தையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். சிறுத்தை மனிதரைத் தாக்குவது மிகக் குறைவு. கண்டால் ஓடாதீர்கள், சிறுபிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள்.

பாம்பு

எண்ணெய் விரியன் இரவில் நடமாடும். நிலத்தில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். கடித்த இடம் வலிக்காமலும் இருக்கலாம். பிள்ளை நடுஇரவில் எழுந்து வயிற்றுவலி என்றால், கண்ணிமை சோர்ந்தால், "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். நுளம்பு வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் நன்றாகச் செருகுங்கள். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள்.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடித்த உறுப்பை அசையாமல் வையுங்கள். வளையல், மோதிரங்களைக் கழற்றுங்கள். கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். விஷமுறிவு மருந்து அரசாங்க வைத்தியசாலையில் உண்டு. காட்டில் தொலைபேசி எடுபடாமலும் போகலாம். ஆகவே கிட்டிய வைத்தியசாலைக்குப் போகும் வழியையும் வனசீவராசிகள் அலுவலக இலக்கத்தையும் புறப்படுமுன்பே கடதாசியில் எழுதி வையுங்கள்.

பயணத்துக்கு முதல் நாள் இரவு பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று விஷயங்களைச் சொல்லிக் கொடுங்கள்: தனியாகப் போகக் கூடாது, தண்ணீர் ஓரம் நிற்கக் கூடாது, மிருகத்தைக் கண்டால் ஓடாமல் உம்மாவின் கையைப் பிடிக்க வேண்டும். திருப்பிச் சொல்லவும் வையுங்கள். அதன் பிறகு சாமான்களைக் கட்டுங்கள்.