நாய்க் கொட்டிலுக்கு ஏற்ற தரையும் படுக்கையும்

"எங்கள் தோட்டத்தில் வைக்கோலும் நிலக்கடலைத் தோலும் மிஞ்சிக் கிடக்கின்றன. இவற்றை நாய்க்குப் படுக்கையாகப் போடலாமா?" என்று வயல்விழா ஒன்றில் விவசாயி ஒருவர் கேட்டார். அவர் தம் தோட்டத்தில் நாய் வளர்ப்பதோடு, வெளியூர் செல்வோர் விட்டுச் செல்லும் நாய்களையும் தங்க வைத்துப் பராமரித்து வருபவர். உழவியல் பாடம் நடத்தும் என்னிடம் நாயைப் பற்றிக் கேட்கிறாரே என்று அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் வைக்கோலும் உமியும் நார்க்கழிவும் பயிர்க் கழிவுகள். அவற்றின் குணம் அறிந்து பயன்படுத்துவது உழவியலைச் சேர்ந்ததே. கால்நடை மருத்துவ நண்பர்களிடமும் கலந்து பேசி அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை நம் தென் மாவட்டங்களுக்குப் பெருமை சேர்க்கும் நாயினங்கள். இராஜபாளையம் நாயின் படத்துடன் 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. இந்த நாய்களில் பல மெலிந்த உடலும் குட்டை முடியும் கொண்டவை. முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் சதைப்பற்று குறைவு. வெறும் சிமெண்டுத் தரையில் நாள்தோறும் படுத்தால் அவ்விடங்களில் தோல் தடித்து முடி உதிரும். நீர்க்கட்டியும் புண்ணும் உண்டாகும். ஆகவே மெத்தென்ற படுக்கை தேவை. அதே சமயம் பல வீட்டு நாய்கள் மாறி மாறித் தங்கும் இடத்தில் ஒரு நாயின் நோய் அடுத்த நாய்க்குத் தொற்றாதிருக்க, கழுவ எளிதான கெட்டித் தரையும் தேவை. தரை கழுவுவதற்கு; படுக்கை படுப்பதற்கு. இரண்டையும் தனித்தனியே அமைத்தால் சிக்கல் தீரும்.

மண் தரை ஏன் கூடாது?

மண் தரை குளிர்ச்சியானது, செலவில்லாதது என்பது உண்மையே. ஆனால் நாயின் சிறுநீர் மண்ணில் ஊறித் தங்கிவிடும். சாணத்துடன் வெளிவரும் கொக்கிப்புழு முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மணலில் பொரித்து, சுமார் ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய இளம்புழுக்களாக மாறுகின்றன. இவை நாயின் கால் தோல் வழியே உட்புகும். வெறுங்காலுடன் நடமாடும் நம் குழந்தைகளின் தோலிலும் புகுந்து, நெளிநெளியான அரிப்புத் தடங்களை உண்டாக்கும்.

குட்டிகளைக் கூட்டம் கூட்டமாக மாய்க்கும் பார்வோ நச்சுயிரி இன்னும் பொல்லாதது. 1978-ஆம் ஆண்டு உலகிற்குத் தெரியவந்த இக்கிருமி, நோயுற்ற நாயின் கழிச்சல் பட்ட மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். மண்ணைக் கழுவ இயலாது. கிருமிநாசினியும் மண்ணில் வேலை செய்யாது. சாணம் பூசி மெழுகிய தரைக்கும் இது பொருந்தும்.

தரை அமைக்கும் முறை

மேட்டுப்பாங்கான இடத்தைத் தேர்ந்தெடுத்து, தரை மட்டம் சுற்றுப்புறத்தைவிட 30 செ.மீ. உயரமாக இருக்கும்படி அமைக்க வேண்டும். மண்ணைக் கெட்டித்து, அதன்மேல் 10 செ.மீ. கனத்திற்குச் செங்கல் ஜல்லி இட்டு இடித்து, 1:2:4 விகிதத்தில் கலந்த சிமெண்டுக் கான்கிரீட் 7.5 செ.மீ. போட வேண்டும்.

தரையில் மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் சரிவு இருத்தல் இன்றியமையாதது. சரிவு குறைந்தால் நீர் தேங்கும். மிகுந்தால் நாய் நிற்கவும் படுக்கவும் சிரமப்படும். சரிவு வாயிற்பக்கம் நோக்கி இருக்கட்டும். வடிகால் கொட்டிலுக்கு வெளியே அமையட்டும். ஓர் அறையின் கழிவுநீர் அடுத்த அறையின் வழியே ஓடும்படி ஒருபோதும் அமைக்கக் கூடாது. பிறர் நாய்களை ஏற்கும் இடத்தில் இதுவே முதல் விதி.

மேற்பூச்சைக் கண்ணாடி போல வழவழப்பாக்கக் கூடாது. மணியாஸ் கட்டையால் தேய்த்து, ஈரத்திலும் கால் வழுக்காத அளவு சொரசொரப்பாக விட வேண்டும். அதிகச் சொரசொரப்பும் தீதே. அழுக்கு தங்கும், உள்ளங்கால் தேயும். சுவரும் தரையும் சேரும் மூலைகளை வளைவாகப் பூசினால் துடைப்பம் எளிதில் செல்லும். வெடிப்புகளை உடனுக்குடன் அடைக்க வேண்டும். ஓர் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இத்தகைய இடுக்குகளில்தான் இடுகிறது. புதுத் தரையை ஒரு வாரம் நீர் விட்டுப் பதப்படுத்தி, பலமுறை கழுவி, நன்கு உலர்ந்த பின்னரே நாயை விடவும்.

பளபளப்பான ஓடும் மொசைக்கும் பார்வைக்கு அழகு. ஆனால் ஈரத்தில் வழுக்கும். வளரும் குட்டிகளுக்குக் கால்கள் அகன்று சறுக்கும். மெருகேற்றிய கடப்பைக் கல்லும் வழுக்கும். கருநிறமாதலால் வெயிலில் சூடேறவும் செய்யும். கறவை மாட்டுக்கு இடும் ரப்பர் பாயை நாய்க்கும் இடலாம். ஆனால் வாரம் இருமுறையேனும் தூக்கி அடியில் கழுவிக் காயவைக்காவிட்டால் துர்நாற்றமே மிஞ்சும்.

படுக்கை மேடை

ஒவ்வோர் அறையிலும் வாயிலுக்கு எதிர்ப்புறம், சரிவின் மேற்பகுதியில், 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள பலகை மேடை ஒன்றை வைக்க வேண்டும். பெரிய நாய்க்கு 120 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் போதுமானது. பக்கங்களில் 7 செ.மீ. உயரச் சட்டம் அடித்தால் படுக்கை சிதறாது. மேடை தரையுடன் பதிக்கப்படாமல், தூக்கி வெயிலில் நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் சுகமானதே. ஆனால் பின்னலில் உண்ணி ஒளிந்துகொள்ளும், நாய் கடித்தும் அறுக்கும்.

எதைப் பரப்பலாம்?

வைக்கோல்: புதிய, நன்கு உலர்ந்த, தூசி தட்டிய வைக்கோலை மேடைமேல் 10 செ.மீ. கனத்திற்குப் பரப்பலாம். குளிர்காலத்திற்கு மிகவும் ஏற்றது. நனைந்த பகுதியை அன்றே அகற்ற வேண்டும். போரின் அடியில் மழையில் நனைந்து மக்கிய வைக்கோல் கூடாது.

நிலக்கடலைத் தோல்: கோழிப்பண்ணையில் பயன்படுவதால் நாய்க்கும் ஆகும் என்று நினைக்கிறோம். ஈரம் பட்ட நிலக்கடலைத் தோலிலும் அதில் தங்கிய பருப்பிலும் பூசணம் வளர்ந்து அஃப்ளடாக்சின் நஞ்சு உண்டாகலாம். நாய் படுக்கையை மோந்து தின்னும் இயல்புடையது. இந்நஞ்சு நாயின் ஈரலைக் கடுமையாகத் தாக்கும். ஆகவே தவிர்க்கவும்.

தென்னை நார்க்கழிவு: தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை ஈர்த்து வைத்திருக்கும். வயலுக்கு நன்மையான இக்குணமே படுக்கைக்குத் தீமை. என்றும் ஈரமாகவே இருக்கும்.

உமி, மரத்தூள்: கண்ணிலும் மூக்கிலும் புகும், முடியில் ஒட்டும்.

கரும்புச் சோகை, ஊசிப்புல்: சோகையின் ஓரம் அறுக்கும். ஊசிப்புல்லின் முனை கால்விரல் இடுக்கிலும் காதிலும் புகுந்து சீழ் பிடிக்கும்.

சணல் சாக்கு, பழைய பருத்திப் புடவை, வேட்டி: துவைத்து வெயிலில் உலர்த்தலாம், கோடைக்கு ஏற்றவை. ஆனால் விதை நேர்த்தி செய்த விதையோ, உரமோ, பூச்சிமருந்தோ இருந்த சாக்கை எத்தனை முறை துவைத்தாலும் பயன்படுத்தலாகாது. நுரைமெத்தையை நாய் கடித்து விழுங்கினால் குடல் அடைபடும்.

நாயை விடவருவோரிடம் அது வழக்கமாகப் படுக்கும் பழந்துணி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். உண்ணி இருக்கிறதா எனப் பார்த்து, மேடைமேல் விரியுங்கள். வீட்டு வாசனையால் புதிய இடத்தின் அச்சம் குறையும்.

அன்றாடச் சுத்தம்

1. நாயை வெளியில் கட்டிவிட்டு, சாணத்தை நீர் ஊற்றாமல் முதலில் வழித்து எடுக்கவும்.

2. சவுக்காரத் தூள் கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி, நல்ல நீர் விட்டு அலசவும்.

3. 10 லிட்டர் நீரில் 60 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரைத் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விடவும். அழுக்கு இருக்கும் தரையில் இதன் வீரியம் குறையும் என்பதால்தான் முதலில் கழுவச் சொன்னோம். இதனை அமிலத்துடன் கலந்தால் நச்சு வாயு எழும், கலக்கவே கூடாது.

4. மீண்டும் அலசி, தரை முழுதும் உலர்ந்த பின் நாயை உள்ளே விடவும்.

பினாயிலின் வாசனையை நம்பி ஏமாறாதீர்கள். பார்வோ கிருமி அதற்கு மடிவதில்லை. உண்ணியை ஒழிக்கிறேன் என்று வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியைக் கொட்டிலில் தெளிப்பது பேராபத்து. நாய் தன் காலையும் உடலையும் நக்கி அந்த நஞ்சை உட்கொள்ளும். கால்நடை மருத்துவர் கூறும் மருந்தையே பயன்படுத்தவும்.

ஒரு நாய் வீடு திரும்பியதும் அதன் வைக்கோல் முழுவதையும் மாற்ற வேண்டும். கழிச்சல் நோய் கண்ட நாயின் படுக்கையை எரித்துவிடுக. சாணத்தைக் கிணற்றுக்குத் தொலைவில் குழி வெட்டிப் புதைக்கவும். காய்கறி, கீரைப் பாத்திக்கு இடலாகாது. அதிலுள்ள குடற்புழு முட்டைகள் மனிதரையும் தாக்கும். தடுப்பூசிச் சான்று இல்லாத நாயை ஏற்காதிருப்பதும் சுத்தத்தின் ஒரு பகுதியே.

வயல்விழாவில் கேட்ட அன்பருக்கு என் விடை இதுதான்: வைக்கோலைப் போடுங்கள், அது உலர்ந்திருக்கும் வரையில், கடலைத் தோலை விட்டுவிடுங்கள். காலையில் கொட்டிலுக்குள் சென்று படுக்கையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் மாற்றுங்கள். நம்மை நம்பி ஒருவர் தம் வீட்டு நாயை ஒப்படைத்துச் செல்கிறார். அது நலமாகத் திரும்புவதற்கு நாம் நாளும் செய்ய வேண்டிய எளிய சோதனை இதுவே.