மாற்று மச்சையும் மலையக இல்லமும்

நோயாளி வைத்தியசாலையினின்றும் வீடு திரும்பினான் எனக் கேட்டதும், நோய் தீர்ந்ததென்றே சுற்றத்தார் மகிழ்வர். குருதித் தண்டுக்கல மாற்றுச் சிகிச்சையைப் பொறுத்தவரை அம்மகிழ்ச்சி காலத்துக்கு முந்தியதாகும். சிகிச்சையின் ஒரு பாதி வைத்தியருடையது, மறுபாதி இல்லத்தாருடையது. தேயிலைத் தோட்டத்து லயமொன்றில் அம்மறுபாதி நிறைவேறுமாற்றை ஈண்டு நோக்குவோம்.

என்பு மச்சையிலுள்ள தண்டுக்கலங்களே குருதிக்கலங்கள் அனைத்துக்கும் தாயாவன. குருதிப் புற்றுநோய், தலசீமியா முதலியவற்றில், பழுதுற்ற மச்சையைக் கடும் மருந்தால் அழித்து, பொருந்திய உடன்பிறந்தார் போன்றோரிடம் பெற்ற நற்கலங்களை நாளத்தின் வழியே செலுத்துவர். இத்துறைக்கு 1957ஆம் ஆண்டில் வழிதிறந்த அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ், 1990இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986இல் தொடங்கியது.

புகுந்த கலங்கள் வேரூன்ற இரண்டு முதல் நான்கு வாரங்களாகும். நிர்ப்பீடனம் மீள்வதற்கோ ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். இளமையிற் பெற்ற தடுப்பூசிகளின் பயனும் அற்றுப்போவதால், அவற்றை மீண்டும் ஏற்றுதல் வேண்டும். வளர்ந்த மகனாயினும் குருதியளவில் அவன் பச்சைக் குழந்தையே. முதல் நூறு நாட்கள் மிக்க விழிப்புக்குரியன.

லயத்து அறை சிறிது. மழைக்காலத்தில் சுவர் ஈரம் கசியும். அதிற் படரும் பங்கசு நுரையீரலைத் தாக்கவல்லது. ஆதலின் அடுப்புப் புகை அணுகாத, உலர்ந்த மூலையே நோயாளிக்குரியது. மரக்கறித் தோட்டத்து மண்ணையும் மாட்டுத் தொழுவத்தையும் அவன் தொடலாகாது. கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். எனினும் ஒரு நிமிடம் நன்கு கொதித்த பீலி நீர் அருந்தத் தக்கதே. கல்லிலிருந்து எடுத்த சுடுரொட்டி நன்று. பச்சைத் தேங்காய்ச் சம்பலும் வல்லாரைச் சம்பலும் சிலகாலம் பொறுத்திருக்கட்டும்.

காய்ச்சல் 38 பாகையை எட்டின் விடியும்வரை காத்திருத்தல் ஆபத்து. வைத்தியரைக் கேளாது காய்ச்சல் மாத்திரை கொடுப்பது, அபாய அறிகுறியை மறைத்துவிடும். நள்ளிரவிலும் வரக்கூடிய வாகனமொன்றை முன்னரே பேசி வைத்தல் வேண்டும்.

இவற்றினும் அரியது அன்பை அடக்குதல். நோயாளியைப் பார்க்கச் செல்லாமை நம்மவரிடையே பெருங்குறை. சளியோடு வந்த அத்தையை இஸ்தோப்பில் நிறுத்தும் தாய், உறவைப் பகைத்தாளென்று பழிகேட்பாள். ஆனால் அவள் செய்வது தீட்டுப் பார்த்தலன்று; மகனைக் காத்தலே. கொழுந்தெடுக்கச் செல்லாது அவள் இழப்பது நாட்சம்பளமுமாகும். எனவே பார்க்க வருவோர், அவளுக்காகப் பீலியில் நீர் பிடித்துத் தரலாம்; மற்றைப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லலாம்; மருந்துச் செலவிற் பங்கு கொள்ளலாம்.

தோட்டப் பாடசாலைகளிற் பணியாற்றும் நம் பழைய மாணவர், இத்தகைய பிள்ளைக்குப் பாடக்குறிப்புகளை வாயில்வரை கொண்டு சென்று கொடுப்பாராக. உடல்நலமுள்ள இளைஞர் குருதி ஈவாராக. புது மச்சை தொழிற்படத் தொடங்கும்வரை பிறர் குருதியே நோயாளியைத் தாங்குகின்றது. வாயிலுக்கு வெளியே நின்று செய்யும் உதவியும் உறவே.