இரவெல்லாம் விழித்திருந்த பெட்டி

"ஏன்யா, அந்தப் பெட்டி ராத்திரி முழுக்க முனகிக்கிட்டே இருக்கு? அதுக்கு உடம்பு சரியில்லையா?"

காலையில் அம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஈப்போவில் எங்கள் வீட்டு முன்னறையில், கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கைத்தான் அம்மா சொன்னார். உள்ளங்கை அளவுப் பெட்டி. நான்கு ஆண்டுகளாக அது இருக்கும் இடமே தெரியாது. வேலை இருந்தால் சுற்றும். இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கித் தூங்கிவிடும்.

கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய நாளிலிருந்து அது தூங்க மறுத்தது. இரவு இரண்டு மணிக்கும் 'உய்ங்' என்ற சத்தம். தொட்டால் சூடு. பத்து நாள் அப்படியே விட்டேன். பதினோராவது நாள் நான் செய்த ஒரு காரியத்தால் என் பாட்டியின் ஒரே படம் போனது. உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் ஒரு தோட்டம்

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆட்கள். தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டினார்கள். அப்பா தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு நிலம் கைமாறியது, லயங்கள் இடிபட்டன. குடும்பங்கள் ஈப்போ, பினாங்கு, கிள்ளான் என்று சிதறின. இன்று அங்கே போனால் எங்கள் தோட்டம் என்று காட்டுவதற்குக் கோயிலும் ஓர் அரச மரமும்தான் இருக்கின்றன.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. வேலி போட்டு, பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால், அந்த வழியில் வந்த மரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களின் முகங்களுக்கு யார் வேலி போடுவது? அந்தக் கேள்வியோடுதான் நான்கு ஆண்டுகளுக்கு முன் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். பிஸ்கட் டின்னிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் இருந்த படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்தேன். பெரட்டுக் களம், தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழா, லயத்து வாசலில் பந்தல் போட்ட கல்யாணம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயின.

அவற்றில் ஒன்று பாட்டியின் படம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து அவசரகாலம் வந்ததும் நாம் பள்ளியில் படித்ததுதான். அந்த அவசரகாலத்தில்தான் படம் ஒட்டிய அடையாள அட்டை மலாயா மக்களின் கைக்கு வந்தது. பாட்டியின் படமும் அந்த அட்டைக்காக எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் பாட்டி தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை என்பார் கோலகங்சாரில் இருக்கும் அத்தை. அவர் வீட்டு ஆல்பத்தில்தான் அது இருந்தது.

பிடுங்கிய கம்பி

பதினோராவது நாள் இரவும் அதே முனகல். அன்று மாலைதான் எல்லாப் படங்களுக்கும் ஆண்டும் ஊரும் எழுதும்படி ஒரு மென்பொருளுக்கு வேலை கொடுத்திருந்தேன். அதை மறந்தே போனேன். 'பாதுகாப்பாக அகற்று' என்ற கட்டளையைச் சொடுக்கினேன். 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தது. மூன்று முறை சொடுக்கினேன், மூன்று முறையும் அதே பதில். பொறுமை போய், கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் செருகியபோது இரண்டு கோப்புறைகள் திறக்கவில்லை. பினாங்கில் கணினி வேலை செய்யும் என் மாமா மகனை அழைத்தேன். "மச்சான், இனிமே அதுல எதையும் எழுதாத. அப்படியே எடுத்துக்கிட்டு வா" என்றான். இரண்டு நாள் போராடிப் பெரும்பாலான படங்களை மீட்டுக் கொடுத்தான். பதினான்கு படங்கள் வரவே இல்லை. பாட்டியின் படத்தில் நெற்றி வரை வந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

பரவாயில்லை, மூலப்படம் அத்தையிடம் இருக்கிறதே என்று கோலகங்சாருக்கு ஓடினேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அந்த ஆல்பம் கரையான் அரிச்சுப் போச்சுடா. நீதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியேன்னு போன வருஷம் தூக்கிப் போட்டுட்டேன்."

ஏன் தூங்கவில்லை?

ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு பூசிய தட்டுகள் சுழல்கின்றன. கையடக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில், தட்டைத் தொடாமல், ஒரு முனை மிதந்துகொண்டே படிக்கிறது, எழுதுகிறது. குறிப்பிட்ட நேரம் யாரும் எதையும் கேட்காவிட்டால் முனை ஒதுங்கும், தட்டு நிற்கும். அதுதான் தூக்கம்.

பால் வெட்டிவிட்டு வந்து மதியம் கண்ணயரும் ஆளை, மண்டோர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டி "இருக்கியா?" என்று கேட்டால் அவர் எப்படித் தூங்குவார்? ஹார்ட் டிஸ்க்குக்கும் அதே கதைதான். யாராவது தட்டும் ஒவ்வொரு முறையும் தூக்கத்துக்கான நேரக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. இயங்குதளத்தை மாற்றியபின் தட்டுகிறவர்கள் கூடிவிடுகிறார்கள்.

முதல் ஆள் தேடல் அட்டவணை. நீங்கள் தேடும்போது உடனே எடுத்துத் தர, எல்லாக் கோப்புகளையும் அது புதிதாகப் படித்துக் குறித்துக்கொள்ளும். படங்கள் அதிகமிருந்தால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஓடும். இரண்டாவது ஆள் வைரஸ் தடுப்பு. மூன்றாவது, காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளும் மேகச் சேமிப்பும். இவை போக, நீங்கள் முன்பு மாற்றி வைத்த மின்சேமிப்பு அமைப்புகள் பழையபடி திரும்பியிருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் சிறிய சிப், கணினி சொல்லும் 'தூங்கு' என்ற கட்டளையை வட்டுக்குக் கடத்தாமலும் இருக்கலாம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் கணினி மாற்றமும் பதிப்பு மாற்றமும் நடக்கின்றன. அதனால் இது என் ஒருவனுடைய தொல்லை மட்டும் அல்ல.

என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். கணினியை இரவில் ஓட விடுங்கள். அட்டவணை வேலை முடிந்ததும் பல பெட்டிகள் தாமாகவே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் தட்டுவது யார் என்று பாருங்கள். விண்டோஸில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, 'டிஸ்க்' பகுதிக்குப் போனால், எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று தெரியும். அது தேடல் அட்டவணை என்றால், தேடல் அமைப்பில் அந்த ஹார்ட் டிஸ்க்கை விலக்கி வைக்கலாம். 'பவர் ஆப்ஷன்ஸ்' மேம்பட்ட அமைப்பில் 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்' என்ற வரி இருக்கும். அங்கே எத்தனை நிமிடம் என்று பார்த்து, வேண்டியபடி வையுங்கள்.

மேக் கணினி என்றால் மின்சக்தி அமைப்புகளில் 'புட் ஹார்ட் டிஸ்க்ஸ் டு ஸ்லீப் வென் பாசிபிள்' என்ற வரியைப் பாருங்கள். மடிக்கணினியில் அது 'பேட்டரி' பகுதிக்குள் இருக்கும். 'ஸ்பாட்லைட்' தேடலிலிருந்து வட்டை விலக்குவதும் உதவும்.

எதுவும் பலிக்கவில்லையா? கணினியை முறையாக அணைத்துவிட்டுக் கம்பியை எடுங்கள். தேவைப்படும்போது செருகிக்கொள்ளலாம். 'பயன்பாட்டில் உள்ளது' என்று கணினி சொன்னால், அது வீம்புக்குச் சொல்லவில்லை. உள்ளே யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். எழுதும்போது பிடுங்கினால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேடே குழம்பிப்போகும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

தூங்காவிட்டால் செத்துவிடுமா?

நான் பயந்தது சூட்டுக்குத்தான். ஆனால், 2007இல் கூகிள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், வட்டுகள் பழுதாவதற்கும் சூட்டுக்கும் நாம் நினைக்கும் அளவுக்கு நெருங்கிய தொடர்பு தென்படவில்லை. மிக அதிகச் சூட்டில்தான் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. ஓயாமல் நிறுத்தித் தொடங்குவதும் வட்டுக்குத் தேய்மானம்தான். எனவே, நாலு இரவு தூங்கவில்லை என்பதற்காகப் பதற வேண்டியதில்லை. மூடிய அலமாரிக்குள் வைக்காமல் காற்றோட்டமாக வைத்தால் போதும்.

ஆனால், தூங்கினாலும் தூங்காவிட்டாலும் எந்த வட்டும் ஒருநாள் நின்றுபோகும். ஆயிரக்கணக்கான வட்டுகளை ஓட்டும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம், நான்கு ஆண்டு முடிவில் ஏறக்குறைய 80 விழுக்காடு வட்டுகள் உயிரோடு இருந்ததாக 2013இல் எழுதியது. அதாவது, ஐந்தில் ஒன்று அதற்குள் போய்விட்டது. என் பெட்டிக்கும் வயது நான்கு.

நான் கம்பியைப் பிடுங்கியது அவசரத்தில் செய்த தவறு. அதைவிடப் பெரிய தவற்றை நான்கு ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தேன். ஒரு தோட்டத்தின் படங்கள் அனைத்தையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தேன். 'ஏற்றியாகிவிட்டது' என்று நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, அத்தை ஆல்பத்தையே விட்டுவிட்டார்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. எதுவும் மூன்று பிரதி இருக்கட்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்கட்டும். ஈப்போவில் இடி மின்னல் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? ஒரே வீட்டில் மூன்று பெட்டிகள் வைத்திருந்தாலும் ஒரே மின்னலில் மூன்றும் போகலாம்.

இப்போது என் தோட்டம் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒரு பெட்டி ஈப்போவில், இன்னொன்று பினாங்கில் மாமா மகன் வீட்டில், மூன்றாவது பிரதி மேகச் சேமிப்பில். படம் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய படங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறேன். "ஸ்கேன் பண்ணிட்டேன்னு மூலப்படத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று கைப்பிடித்துச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இந்த வார இறுதியில் நீங்களும் உங்கள் பெட்டியை எடுத்துச் செருகுங்கள். பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். திறந்தால், அன்றே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.

சென்ற மாதம் அத்தையிடம் பாதிப் படத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் அந்த நெற்றியையும் பொட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மூஞ்சி ஞாபகம் இருக்குடா. உனக்குத்தான் இல்ல" என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாட்டியின் மூக்கு எப்படி இருக்கும், காதில் என்ன தோடு போட்டிருப்பார், சிரித்தால் எந்தப் பல் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தார். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். வீடு திரும்பியதும் மூன்று பிரதி எடுத்தேன்.