ஓடைக்கு இடம் விட்ட ஊர்

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ராக்கி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் போல்டர். போல்டர் என்றால் பாறாங்கல் என்று பொருள். பெயருக்கு ஏற்ற ஊர்தான்.

அந்த ஊரின் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. அதன் பெயரும் போல்டர் ஓடை. கோடையில் சிறுவர்கள் ரப்பர் டியூபில் மிதந்து விளையாடுவார்கள். "இந்த ஓடையா ஊரை அழிக்கப்போகிறது?" என்று கேட்கத் தோன்றும்.

ஒரு முறை அழிக்கப் பார்த்தது!

1894-ம் ஆண்டு மே மாதக் கடைசி. மலையில் பனி உருகி, ஓடை ஏற்கனவே நிறைந்து ஓடியது. அதன் மேல் விடாமல் மழை கொட்டியது. 31-ந்தேதி வெள்ளம் ஊருக்குள் பாய்ந்தது. பாலங்கள் போயின. ரெயில் தண்டவாளங்கள் போயின. ஊர் தனித்தீவு ஆயிற்று.

பூங்கா போடுங்கள்!

பிறகு ஊரைச் சீர்படுத்த ஒரு சங்கம் ஏற்பட்டது. அந்தச் சங்கத்தார் 1908-ல் ஒரு நிபுணரை அழைத்தார்கள். அவர் பெயர் பிரடெரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க் நகரின் புகழ் பெற்ற சென்டிரல் பூங்காவை அமைத்தவரின் மகன். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர்.

அவருடைய அறிக்கை 1910-ல் வெளிவந்தது. ஓடைக்கு அவர் சொன்ன யோசனை மிகவும் எளிது. வெள்ளம் ஓட இடம் வேண்டும். அந்த இடத்தில் வீடு கட்டாதீர்கள், பூங்கா போடுங்கள். மழை இல்லாத நாளில் மக்கள் உலாவலாம். வெள்ளம் வந்தால் தண்ணீர் உலாவட்டும்!

ஊரார் பாதி கேட்டார்கள். பாதி கேட்கவில்லை. 1950-களில் நகரசபைக் கட்டிடமே ஓடைக் கரையில் எழுந்தது. 1961-ல் பக்கத்தில் நூல்நிலையமும் வந்தது. அறிக்கையைப் பூட்டி வைத்தவர்களே ஓடைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

பேராசிரியரின் கேள்வி

கில்பர்ட் ஒயிட் என்பவர் பூகோளப் பேராசிரியர். வெள்ளத்தைத் தடுக்க அமெரிக்க அரசாங்கம் ஏராளமான பணத்தைக் கொட்டி அணையும் கரையும் கட்டியது. ஆனால் வெள்ளச் சேதம் குறையவில்லை, கூடியது! ஏன் என்று அவர் கேட்டார்.

அவர் கண்ட விடை இதுதான்: கரை கட்டியதும், "இனி பயம் இல்லை" என்று மக்கள் தாழ்ந்த நிலத்தில் வீடு கட்டிக் குடியேறுகிறார்கள். ஒரு நாள் கரையை மீறி வெள்ளம் வருகிறது. முன்பு வயல் மூழ்கிய இடத்தில் இப்போது தெரு மூழ்குகிறது.

ஒயிட் 1970-ல் போல்டருக்கே வந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். ஆபத்து எங்கே என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1976-ம் ஆண்டு ஜூலை 31-ந்தேதி போல்டருக்கு வடக்கே பிக் தாம்ப்சன் என்ற மலை இடுக்கில் சில மணி நேரத்தில் சுமார் 12 அங்குல மழை கொட்டியது. 144 பேர் மாண்டார்கள். பலர் காரில் தப்ப முயன்றவர்கள். காரை விட்டு இறங்கி மலைச் சரிவில் ஏறியிருந்தால் பிழைத்திருப்பார்கள். "வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள்" என்ற பலகைகளை இன்றும் அந்த மலைப் பாதைகளில் பார்க்கலாம்.

கணக்கு என்ன?

ஓட்டு வீட்டில் கூரை மேல் விழும் மழை எல்லாம் ஒரே மூலையில் வந்து கொட்டுவது உண்டு அல்லவா? அதே போல ஓர் ஓடைக்கும் கூரை உண்டு. சுற்றியுள்ள மலையும் மேடும்தான் அந்தக் கூரை. அங்கே எவ்வளவு மழை பெய்யும், எவ்வளவு மண்ணில் ஊறும், எவ்வளவு ஓடையில் வந்து விழும், எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று நிபுணர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் "100 ஆண்டு வெள்ளம்" என்று ஒரு சொல் வரும். 100 ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு! எந்த ஆண்டிலும் அது வர நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். போன ஆண்டு வந்தது இந்த ஆண்டும் வரலாம். கடன் வாங்கி வீடு கட்டி 30 ஆண்டு குடியிருந்தால், அதற்குள் அந்த வெள்ளத்தைப் பார்க்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

போல்டர் நகரசபை இன்னொரு கணக்கும் வைத்தது. தண்ணீரின் ஆழம் எத்தனை அடி? விநாடிக்கு எத்தனை அடி வேகம்? இரண்டையும் பெருக்கு. விடை 4 அல்லது அதற்கு மேல் என்றால் அது பெரிய அபாய இடம். முழங்கால் அளவான 2 அடித் தண்ணீர்தான். ஆனால் விநாடிக்கு 2 அடி வேகத்தில் வந்தால் அபாயம்! அங்கே மக்கள் குடியிருக்கப் புதுக் கட்டிடம் எழுப்பக் கூடாது. ஏற்கனவே இருந்த வீடுகளை, விற்க விரும்பியவர்களிடம் இருந்து நகரசபை விலைக்கு வாங்கி இடித்தது.

ஓடையின் மேல் போட்ட நடைபாலங்களிலும் ஒரு தந்திரம் உண்டு. பெருவெள்ளம் வந்தால் ஒரு முனை விடுபட்டு, பாலம் கதவு போலக் கரைப் பக்கம் ஒதுங்கும். மரமும் குப்பையும் பாலத்தில் சிக்கி அணை போலத் தண்ணீரைத் தேக்கிவிடக் கூடாது அல்லவா?

2013 செப்டம்பர்

2006-ல், தமது 94-வது வயதில், ஒயிட் காலமானார். அவர் நினைவாக ஓடைக் கரையில் ஒரு தூண் நிறுத்தினார்கள். 50 ஆண்டு, 100 ஆண்டு, 500 ஆண்டு வெள்ளம் வந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று அதில் குறி போட்டிருக்கிறது.

2013-ம் ஆண்டு செப்டம்பரில் பரீட்சை வந்தது. போல்டரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 20 அங்குலம். அந்த ஒரு வாரத்தில் மட்டும் 17 அங்குலம்! 12-ந்தேதி ஒரே நாளில் 9 அங்குலம்!

போல்டர் ஓடை பொங்கியது. பூங்காவும் நடைபாதையும் மூழ்கின. அவை அதற்கென்றே விட்ட இடம். ஓம்ஸ்டெட் சொன்னபடி தண்ணீர் வந்தது, நின்றது, வடிந்தது. ஆனால் ஓடைக்குத் தொலைவில், படத்தில் வெள்ளப் பகுதி என்று குறிக்காத வீடுகளில் இருந்து கூக்குரல் எழுந்தது. மழைநீர் சாக்கடைக் குழாய்களுக்குள் புகுந்து, கழிவுநீரை வீடுகளின் நிலவறைக்குள் எதிர்த்துத் தள்ளியது. எல்லோரும் ஓடையையே பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளம் தரைக்கு அடியில் இருந்து வந்தது!

ஊரின் தென்புறத்தில் தெற்கு போல்டர் ஓடை நெடுஞ்சாலையைத் தாண்டிப் பாய்ந்தது. அங்கே ஒரு முதியோர் இல்லம். நடக்க முடியாதவர்களையும் அவசரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது.

அந்த ஓடைக்கு மேலே, பல்கலைக்கழக நிலத்தில் வெள்ளத்தைத் தேக்கி மெல்ல விட ஓர் அணை வேண்டும் என்று அதன் பிறகு திட்டம் போட்டார்கள். 500 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டுவதா, 100 ஆண்டு வெள்ளத்துக்கா? பெரிதாகக் கட்டினால் அதிக நிலம் போகும். அங்கே உள்ள சதுப்பு நிலத்தில் அரிய எலி ஒன்று வாழ்கிறது. உடலைவிட வால் நீளம், தவளை போலத் தாவும்! அதைக் காக்கச் சட்டமே இருக்கிறது. கடைசியில், 2020-ல், 100 ஆண்டு வெள்ளத்தைத் தாங்கும் அளவு போதும் என்று நகரசபை முடிவு செய்தது.

சண்டை ஓயவில்லை. பல்கலைக்கழகத்துடன் செய்த நில ஒப்பந்தத்தை ரத்து செய்யவேண்டும் என்று ஒரு சாரார் கேட்டார்கள். 2022 நவம்பரில் ஊர் மக்களிடமே ஓட்டு எடுக்கப்பட்டது. ஒப்பந்தம் நிற்கட்டும் என்று பெரும்பாலோர் வாக்களித்தார்கள்.