முதல் கேமரா வாங்கப் போகிறீர்களா?

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை. செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் அக்காள் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பணம். அவருடைய மகன் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன்.

"சார், தம்பிக்குக் கேமரா வேணுமாம். கல்யாண வீட்ல படம் புடிச்சா காசு கிடைக்குமாம். இதுல 1,200 வெள்ளி இருக்கு. முகநூல்ல ஒருத்தரு விக்கிறாராம். இன்னிக்கே பேங்க்ல போட்டாத்தான் குடுப்பாராம். போட்டுடலாமா சார்?"

"இன்னிக்கு வேணாம் அக்கா. நாளைக்குத் தம்பியோட வாங்க, பேசுவோம்" என்றேன்.

2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அப்படியானால் அந்தப் பைக்குள் இருந்தது ஏறக்குறைய இருபது நாள் உழைப்பு. அது வீணாகலாமா? அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கைப்பேசியே படம் எடுக்கிறதே, கேமரா எதற்கு? பிறந்தநாள், பள்ளி விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்குக் கைப்பேசி போதும். ஆனால் இரவுத் திருவிழா, மங்கலான மண்டபம், ஓடுகிற பிள்ளை என்று வரும்போது கைப்பேசி திணறும். டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் காட்சியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும், ஷட்டர் திறக்கும், உள்ளே இருக்கும் சென்சாரில் படம் பதியும். கைப்பேசியில் இருப்பதைவிட இந்தச் சென்சார் பல மடங்கு பெரியது. அதனால்தான் மங்கலான வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழுகிறது. வேலைக்கேற்ப லென்ஸையும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்கள் வந்துவிட்டன. 2020-க்குப் பிறகு கேனன், நிக்கோன் இரண்டுமே புதிய டி.எஸ்.எல்.ஆர். மாதிரி எதையும் வெளியிடவில்லை. பலரும் மிரர்லெஸுக்கு மாறுவதால் நல்ல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பழையதாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இது நமக்கு நல்லதுதான். பழகுவதற்கு 2018-இல் வந்த நிக்கோன் டி3500, கேனன் 1500டி போன்றவை தாராளமாகப் போதும். இரண்டும் 24 மெகாபிக்சல். அதே ஆண்டில் வந்த கேனன் 3000டி விலை குறைவுதான். ஆனால் லென்ஸ் மாட்டும் வளையம் பிளாஸ்டிக். அடிக்கடி லென்ஸ் மாற்ற நினைப்பவர்கள் யோசித்து வாங்குங்கள்.

இன்னொரு நுட்பம். நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் லென்ஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது. 'ஏஎஃப்-டி' என்று எழுதிய பழைய லென்ஸை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் தானாகக் குவியம் பிடிக்காது. கையால்தான் திருப்ப வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' லென்ஸ் என்றால் தொல்லையில்லை.

கையிலுள்ள பணம் முழுவதையும் கேமராவிலேயே போட்டுவிடாதீர்கள். மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, பை ஆகியவற்றுக்கும் ஒதுக்கி வையுங்கள். கூடவே வரும் 18-55 லென்ஸ் தொடக்கத்திற்குப் போதும். பிறகு காசு சேர்ந்தால் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் வாங்கலாம். விலை குறைவு, இருட்டில் கெட்டிக்காரன்.

புதிதாக வாங்குவோர் கடையில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: "இது உள்ளூர் உத்தரவாதம் உள்ள ஒரிஜினல் செட்டா, ஏ.பி. செட்டா?" ஏ.பி. செட் என்பது வேறு வழியாக இறக்குமதியான சரக்கு. விலை குறையும், ஆனால் பழுதானால் நிறுவனத்தின் உள்ளூர்க் கிளை இலவசமாகப் பழுது பார்க்காது, கடைக்காரர் சொல்லும் உத்தரவாதம்தான். சொன்ன விலையில் பேட்டரி, சார்ஜர் எல்லாம் அடக்கமா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். ரசீதில் கேமராவின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள்.

பழையது வாங்குவோருக்கு என் சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் லென்ஸ் ஒன்றை வெளிப்பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சணம்! நம் ஊர் ஈரக்காற்றில் இது சர்வ சாதாரணம். ஆகவே, டார்ச் இல்லாமல் பழைய லென்ஸ் வாங்கப் போகாதீர்கள்.

லென்ஸைப் பார்த்தபின் எஃப்16-இல் வெறும் வானத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அதைச் சுத்தம் செய்துவிடலாம், கீறல் என்றால் விட்டுவிடுங்கள். ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்கையும் கேளுங்கள். நிக்கோன் படங்களின் உள்விவரத்திலேயே அந்த எண் பதிவாகியிருக்கும். நிக்கோன் டி3300 போன்றவற்றின் ஷட்டர் 100,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. 15,000 ஓடியதற்கும் 90,000 ஓடியதற்கும் ஒரே விலை கொடுக்கலாமா?

இணையத்தில் வாங்குவோர் எச்சரிக்கையாக இருங்கள். முன்பின் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பகலில், பொருளைச் சோதித்தபின் பணம் கொடுங்கள். அதற்கு முன் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். அவற்றின்மேல் புகார் இருந்தால் காட்டும். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும் 997 எண்ணுக்கும் அழைத்து, போலீஸ் புகாரும் கொடுங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரையிலான வழக்கை விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் வியாபாரியாக இல்லாத தனி ஆளிடம் வாங்கியதற்கு அங்கே போக முடியாது.

வாங்கிய பிறகு அலமாரியில் துணிகளுக்கிடையில் வைக்காதீர்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் பூஞ்சணம் அண்டாது.

சரி, அந்த அக்காளின் கதைக்கு வருவோம். மறுநாள் தம்பி விற்பவரை அழைத்தான். கேமராவை நேரில் காட்ட மறுத்துவிட்டார். கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தோம். புகார்கள் வரிசையாக வந்தன. அக்காள் ஒன்றும் பேசவில்லை. பணப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டணத்துக் கடையொன்றில், டார்ச் அடித்துப் பார்த்து, பழைய நிக்கோன் ஒன்றை 18-55 லென்ஸோடு 950 வெள்ளிக்கு வாங்கினோம். மூன்று மாத உத்தரவாதத்தை ரசீதில் எழுதி வாங்கினான் தம்பி. மீதிப் பணத்தில் கார்டும் பேட்டரியும்.

"முதல் படம் யாரை எடுக்கப் போற?" என்று கேட்டேன்.

"ஆயாவை, சார். தாத்தா செத்தப்போ மாலை போடப் படம் இல்லாம அடையாளக் கார்டுப் படத்தைத்தானே பெருசாக்கினோம்" என்றான்.

நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு இதே கதை! பல தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் வாழ்ந்தவர்களின் முகங்களாவது நம் பிள்ளைகளுக்கு மிஞ்சட்டும். கேமரா வாங்குங்கள், ஆனால் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.